துடியன் இடம் பார்த்த கதை

மலைச்சரிவில் இரண்டு கீரிகள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் ஓடியவன் துடியன். பின்னால் வயிற்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தவள் அவன் மனைவி நாச்சி. நிறைமாதக்காரி. தலைக்கு மேலே கிளைக்குக் கிளை தாவி, நீண்ட வாலை ஆட்டி ஆட்டி வழி காட்டியவன் ஒரு வால்காக்கை. அவன் பெயர் சிங்காரம்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க! நெஞ்சு அடைக்குது!" என்றாள் நாச்சி.

"நிக்க நேரமில்ல புள்ள! மழை வர்றதுக்குள்ள இடம் பாக்கணும், வளை தோண்டணும், உன்னை உள்ள படுக்க வைக்கணும்!" என்றான் துடியன்.

அவன் சொன்னது நியாயம்தான். அவர்கள் இதுவரை குடியிருந்தது கீழே ஒரு சோளக்காட்டு வரப்பில். போன வாரம் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜேசிபி வந்தது. வரப்பை ஒரே வாரில் வாரிப் போட்டுவிட்டது. இரண்டு பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இனி வீடு என்றால் மலைமேல்தான், மரம் அடர்ந்த இடத்தில்தான், இயந்திரம் ஏற முடியாத மேட்டில்தான் என்று அன்றே முடிவு செய்தார்கள்.

நல்ல முடிவு. யார் என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் இந்தத் துடியன் இருக்கிறானே, அவனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. படுப்பான், உடனே எழுந்திருப்பான். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வருவான். வந்து படுத்ததும், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடி எழுந்து போவான். பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தூக்கம் எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள்!

இடம் பார்ப்பதற்கும் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. கண்ணால் பார்த்தால் போதாது. குழி போட்டுப் பார்க்க வேண்டும். தோள்பட்டை வரை முன்னங்கால் இறங்குகிற அளவுக்குத் தோண்டுவான். மண்ணை முகர்வான். கொஞ்சம் வாயில் போட்டு உருட்டிப் பார்ப்பான். ஈரம் எவ்வளவு, கல் எவ்வளவு, அடியில் பாறை தட்டுகிறதா என்று எல்லாம் பார்ப்பான். பார்த்து முடித்ததும் குழியை மூடுவானா? மாட்டான்.

"மூடிட்டு வாங்களேன். யாராவது காலை விட்டுடப் போறாங்க" என்பாள் நாச்சி.

"மூடினா, மறுபடி வந்து பாக்கணும்னா மறுபடி தோண்டணுமே! திறந்தே கிடக்கட்டும்!" என்பான் துடியன்.

இப்படிப்பட்டவன் கையில்தான் சிங்காரம் வந்து சிக்கினான். இல்லை இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன். சிங்காரம் கையில்தான் இவன் போய்ச் சிக்கினான்.

அடிவாரத்தில் இவர்களைப் பார்த்ததுமே சிங்காரம் தானாக இறங்கி வந்து பேச்சுக் கொடுத்தான். "இடம் பாக்குறீங்களாண்ணே? இந்த மலையில எனக்குத் தெரியாத மரம் இல்ல, பாறை இல்ல. தரகா? சேச்சே! ஒரு தம்பி அண்ணனுக்குச் செய்யற உதவிக்குத் தரகு வாங்குவானா? மதினியைப் பாத்தா பாவமா இருக்கு. வாங்க, நான் காட்டறேன்!"

உண்மையிலேயே அவன் அப்போது உதவி செய்யத்தான் வந்தான். ஆனால் துடியன் முதல் குழியைத் தோண்டியதும் என்ன ஆயிற்று தெரியுமா? மண்ணோடு மண்ணாகக் கொழுகொழுவென்று வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்து விழுந்தன. வண்டுகள் வந்தன. மண்புழு வந்தது. சிங்காரம் பொத்தென்று கீழே குதித்தான். இத்தனை காலம் மரப்பட்டையைக் கொத்திக் கொத்தி அலகு வலித்தவன் அவன். வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிளையில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்து யோசித்தான்.

'இந்தக் கீரி ஓர் இடத்தை முடிவு செஞ்சுட்டா, ஒரே ஒரு வளை தோண்டுவான். அதோட நம்ம சாப்பாடும் முடிஞ்சுது. முடிவு செய்யாம தேடிக்கிட்டே இருந்தா? தினமும் விருந்துதான்!'

அன்றிலிருந்து சிங்காரம் இடத்தின் நிறையைப் பேசுவதை விட்டுவிட்டான். குறையை மட்டும் பேசினான்.

அதற்குப் பிறகு முதலில் பார்த்தது ஒரு கடுக்காய் மரத்தடி. சரிவு அதிகம் இல்லை. சருகு மெத்தை போலக் கிடந்தது. சருகைக் கிளறினால் இரை. துடியன் குழி போட்டான். மண் பதமாக இருந்தது.

"எனக்கு இது போதுங்க" என்றாள் நாச்சி.

"இடம் நல்ல இடம்தான். ஆனா ஒண்ணுண்ணே…" என்று இழுத்தான் சிங்காரம்.

"என்ன? என்ன?" என்று துடியன் துள்ளி எழுந்தான்.

"கிழக்கால அந்தப் பெரிய பாறை நிக்குது பாருங்க. காலை வெயில் இங்க விழாது. பச்சைக் குட்டிங்க ஈரத்துலயே கிடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். நான் சொல்லணும்னு இல்ல. மனசு கேக்கல."

துடியன் பாறையைப் பார்த்தான். ஆமாம், மறைக்கத்தான் மறைத்தது. சிங்காரம் பொய் சொல்லவில்லை. அவன் கெட்டிக்காரத்தனமே அதுதான். எந்த இடத்தைப் பற்றியும் அவன் பொய் சொல்லவே இல்லை.

"பாத்தியா நாச்சி! தான் காட்டுற இடத்துலயே குறை சொல்ற தரகனை எங்கயாவது பாத்திருக்கியா? இவன் நம்ம ஆளு! கிளம்பு!"

"அவன் இடத்தைப் பாக்கலீங்க. நீங்க தோண்டுற குழியைத்தான் பாக்குறான்" என்றாள் நாச்சி மெதுவாக.

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்!" என்று சொல்லிவிட்டுத் துடியன் முன்னால் ஓடினான். பின்னால் சிங்காரம் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்து மலை உச்சிக்குப் போனார்கள். நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் தெரிந்தது. எந்தப் பகை வந்தாலும் வரும்போதே பார்த்துவிடலாம். துடியன் மகிழ்ச்சியில் வாலைப் புடைத்துக்கொண்டு நின்றான்.

"ஆனா ஒண்ணுண்ணே… மழைக்காலத்துல இங்க காத்து ஆளையே தூக்கும். தாகம் எடுத்தா மதினி ஓடை வரைக்கும் இறங்கணும். குட்டிகளை யாரு பாத்துக்குவா?"

அதுவும் உண்மைதான். இறங்கி ஓடைக்கரைக்கு வந்தார்கள். நண்டு இருந்தது, தவளை இருந்தது, குளிர்ந்த தண்ணீர் இருந்தது. நாச்சி ஆசை தீரக் குடித்தாள்.

"ஆனா ஒண்ணுண்ணே… அங்க பாருங்க, யானைச் சாணி. இது யானை தண்ணிக்கு வர்ற தடம். ஒரு மிதி போதும்."

"இது வேண்டாம்தாங்க" என்று நாச்சியே சொல்லிவிட்டாள். நியாயமான குறையை அவள் ஒப்புக்கொள்வாள்.

பிறகு ஒரு மூங்கில் புதர். அங்கே சிங்காரம் வாயைத் திறப்பதற்கு முன்பே துடியன் ஆரம்பித்துவிட்டான். "மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசுற சத்தத்துல, எதிரி வர்ற சத்தம் நமக்குக் கேக்காதே சிங்காரம்?"

"அடடா! எனக்கே தோணல பாருங்கண்ணே! உங்க அறிவு யாருக்கு வரும்!" என்றான் சிங்காரம். தொழில் இனி தானாக நடக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

இப்படியே நாட்கள் போயின. வெட்டிய மரத்தின் பொந்திலும் பாறை இடுக்கிலும் படுத்து எழுந்தார்கள். துடியன் பொழுது விடிவதற்குள் கிளம்பிவிடுவான். நாச்சிக்குப் பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. துடியனும் இதையெல்லாம் பார்த்தான். பார்த்ததும் நின்று முடிவு எடுத்தானா? இல்லை. இன்னும் வேகமாக ஓடினான்!

ஒரு நாள் காலை, யாரும் காட்டாமலே நாச்சியின் கண்ணில் அந்த இடம் பட்டது.

நடுச்சரிவில் ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல்புறம் ஒரு வேங்கை மரம், வேரால் சரிவையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பாறைக்கு அடியில் சரளை கலந்த செம்மண். கிழக்குப் பார்த்த வாசல் வைக்கலாம். கொஞ்சம் தள்ளி ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது.

நாச்சி பாறைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். "இதுதாங்க! இனி நான் எங்கயும் வரமாட்டேன்!"

"பொறு பொறு, பாக்கணும்ல!"

"நான் சொல்றேன், கேளுங்க. கூரைக்குப் பாறை இருக்கு. மேல வேர் மண்ணைப் புடிச்சிருக்கு. மழை பெஞ்சா மரத்துக்கு ரெண்டு பக்கமும் தண்ணி வழிஞ்சு போயிருக்கிற தடம் தெரியுது பாருங்க. நடுவுல ஒரு சொட்டு இறங்கல. காலை வெயில் முகத்துல அடிக்குது. யானை இந்த மேட்டுல ஏறாது. இன்னும் என்னங்க வேணும்?"

துடியன் பாறைக்கு முன்னால் ஒரு குழி போட்டான். மண்ணை முகர்ந்தான். வாயில் உருட்டினான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நாச்சி! தங்கமான மண்ணு!"

மேலே கிளையில் இருந்த சிங்காரம் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குறை தேடினான், தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அருமையான இடம்ணே! கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு… முன்னால ஒரு குழி மட்டும் பாத்தா போதுமா? மேல்பக்கம் மண்ணு எப்படின்னு பாக்க வேண்டாமா? பொண்டாட்டி புள்ளைங்க படுக்கிற இடமாச்சே!"

"அதானே!" என்று துடியன் மேலே ஓடினான்.

பாறைக்கு மேல்புறம் ஒரு குழி போட்டான். மண் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே ஒன்று போட்டான். அதுவும் நன்றாக இருந்தது. "வேர் ஓரத்துல கரையான் இருந்தா?" என்றான் சிங்காரம். வேங்கையின் பெரிய வேரை ஒட்டி ஆழமாக ஒரு குழி விழுந்தது. கரையான் இல்லை. சிங்காரத்துக்கு வேண்டிய புழு மட்டும் நிறைய இருந்தது.

நாச்சிக்குப் பொறுக்கவில்லை. "போதுங்க! நாம குடியிருக்கப் போறமா, உழுது விதைக்கப் போறமா? அந்தக் குழிகளை மூடிட்டு இறங்கி வாங்க!"

"இதோ ஆச்சு!" என்றான். ஆனால் மூடவில்லை. வேர் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் மகிழ்ச்சி போய், வேறு ஏதோ வந்திருந்தது.

"ஏன் நாச்சி… இவ்வளவு நல்ல இடத்தை ஏன் இதுவரைக்கும் யாரும் எடுக்கல?"

கேட்டீர்களா அநியாயத்தை! குறை இருந்தாலும் ஓடுவான், இல்லாவிட்டாலும் ஓடுவான்!

அந்த நேரம் பார்த்து ஒரு முயல் அந்தப் பக்கம் வந்தது. துடியன் கூப்பிட்டான். "ஏம்ப்பா முயலு! இந்த இடத்துல யாரும் குடியிருந்ததில்லையா?"

முயல் எட்டவே நின்றுகொண்டது. "இங்க இருந்தே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க சாதிக்காரங்கதான் இருந்தாங்க. ரெண்டு மழைக்கு முன்னால வரைக்கும் இருந்தாங்க. பிள்ளைங்க தலையெடுத்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க."

"பாத்தீங்களா? பிள்ளைங்க வளர்ந்து தலையெடுத்த இடம்! இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றாள் நாச்சி.

"போயிட்டாங்களாமே!" என்றான் துடியன். "நல்ல இடமா இருந்தா ஏன் போகணும்? என்னமோ இருக்கு நாச்சி! நமக்குத் தெரியாத என்னமோ இருக்கு!"

"அண்ணே சொல்றதும் சரிதான்" என்றான் சிங்காரம். "எதிர்மலையில எனக்கு ஒரு இடம் தெரியும். அதையும் பாத்துட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தோம்னா, மனசு நிம்மதியாயிடும்."

நிம்மதி என்ற சொல் காதில் விழுந்ததும் துடியன் கிளம்பிவிட்டான்.

"என்னங்க, போகாதீங்க! இடுப்பு விட்டு விட்டு வலிக்குது. வானத்தைப் பாருங்க!"

"போன சுருக்குல வந்துடுவேன் புள்ள! நான் வர்ற வரைக்கும் தோண்டாதே. இடம் இன்னும் முடிவாகல!"

அவன் போவதையே நாச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த வலி வந்தபோது அழுகையை நிறுத்திவிட்டுப் பாறைக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தாள்.

எதிர்மலையில் துடியன் குழி போட்டான். ஒரே கல். கொஞ்சம் தள்ளிப் போட்டான். மண் காய்ந்து பொடியாகக் கிடந்தது. துடியன் வாய்விட்டுச் சிரித்தான். "சிங்காரம்! இப்ப நிச்சயமாத் தெரிஞ்சுடுச்சுடா! அந்த வேங்கை மரத்து இடம்தான் இடம்! அதுக்கு ஈடு எதுவும் இல்ல! நான் கிளம்பறேன்!"

"சந்தோஷம்ணே! இவ்வளவு தூரம் வந்ததுக்கு, அந்தப் புதர்ப் பக்கம் மட்டும் ஒண்ணு பாத்துட்டுப் போயிடுங்க. பக்கத்துலதான்."

துடியன் ஒரு காலை வீட்டுப் பக்கம் வைத்தான். மறு காலைப் புதர்ப் பக்கம் வைத்தான். புதர்ப் பக்கமே போய்விட்டான். பாதிக் குழி தோண்டியபோது மலை அதிர இடி இடித்தது. பெரிய பெரிய துளிகள் முதுகில் விழுந்தன.

"ஐயோ, நாச்சி!"

அன்றைக்கு அவன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! பள்ளத்தில் இறங்கினால் ஓடை பொங்கிக்கொண்டு போனது. மேலே வெகுதூரம் சுற்றிப் போய், சாய்ந்து கிடந்த மரத்தில் ஏறித் தாண்டினான். வேங்கை மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது சரிவு முழுவதும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

எப்போதும் அந்தத் தண்ணீர் மரத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். இப்போது போகவில்லை. துடியன் தோண்டிய மேல்குழி நிறைந்து நடுக்குழிக்கு வழிந்தது. நடுக்குழி நிறைந்து வேர் ஓரத்துக் குழிக்கு வழிந்தது. வேர் ஓரத்துக் குழி மட்டும் நிறையவே இல்லை. வந்த தண்ணீரையெல்லாம் அது குடித்துக்கொண்டே இருந்தது. வேரை ஒட்டியே தண்ணீர் கீழே வழி கண்டுபிடித்திருந்தது.

அந்தக் குழியின் வழியாக, பாறைக்கு அடியில் தான் தோண்டிய வளைக்குள்ளிருந்து நாச்சி கத்துவது கேட்டது.

"என்னங்க! வந்துட்டீங்களா? கூரையில இருந்து தண்ணி ஊத்துதுங்க! மூத்தது பொறந்துடுச்சு! நனையுதுங்க! எங்க நகர்த்தினாலும் தண்ணி வருது! இன்னும் ரெண்டு வயித்துல இருக்கு, வலி விடமாட்டேங்குது! ஏதாவது செய்யுங்க!"

துடியன் மேல்குழியில் கல்லையும் சருகையும் உருட்டித் தள்ளினான். நடுக்குழியில் மண்ணை வாரிப் போட்டான். அவை ஒருவழியாக அடைபட்டன. வேர் ஓரத்துக் குழியில் போட்ட மண் மட்டும் நிற்கவில்லை. போடப் போடத் தண்ணீர் அதைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனது. கல்லைப் போட்டால் கல்லைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.

"என்னங்க! முட்டி வரைக்கும் வந்துடுச்சு!"

வேறு வழி இல்லை. துடியன் திரும்பி நின்று, பின்பக்கமாக அந்தக் குழிக்குள் இறங்கினான். உடம்பை உப்பி, மயிரை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு, குழியை இறுக அடைத்து உட்கார்ந்தான். தண்ணீர் அவன் முகத்தில் வந்து மோதியது. மோதி, இரண்டாகப் பிரிந்து, பழைய தடத்தில் வழிந்து போனது.

குழி அடைபட்டது. அதோடு நாச்சியின் குரலும் அடைபட்டது.

அதுதான் அவனுக்கு வந்த கொடுமை. கீழே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தண்ணீர் நின்றதா? குட்டிகள் பிறந்தனவா? நாச்சி இருக்கிறாளா? வாழ்நாளில் எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் விட்டதில்லை அவன். இப்போது ஒருமுறைகூடப் பார்க்க முடியாது. எழுந்தால் தண்ணீர் இறங்கும்.

முன்னங்கால் துறுதுறுத்தது. 'ஒரே ஒரு தடவை எழுந்து ஓடிப் பாத்துட்டு வந்துடலாமே' என்று மனசு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். குளிர் எலும்புக்குள் ஏறியது. பின்னங்கால்கள் மரத்துப் போயின. மழை விடவில்லை. துடியன் அசையவில்லை.

அப்போது சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு சிங்காரம் வந்தான். தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து இறக்கையை உதறினான்.

"என்னண்ணே, இங்க உக்காந்துட்டீங்க? மதினி எங்க? உள்ள இருக்காங்களா? சத்தமே காணோமே! ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். குழியை நான் பாத்துக்கறேன்!"

துடியன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். சிங்காரத்தின் கண் துடியன் முகத்தில் இல்லை. குழியின் ஓரத்தில், ஈர மண்ணிலிருந்து பாதி வெளியே வந்து நெளிந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைப் புழுவின் மேல் இருந்தது.

"சிங்காரம், இத்தனை நாளா நீ சொன்ன குறையில ஏதாவது ஒண்ணு பொய்யா?"

"சத்தியமா இல்லண்ணே! எல்லாமே உண்மை!"

"அந்த உண்மையைக் காட்டித்தான் என்னை நாயா அலைய விட்டிருக்கே. உன்னைச் சொல்லி என்ன! அலையணும்னு எனக்கே ஆசை இருந்துச்சு. போடா, போ!"

இந்தக் கீரி இனி தோண்டமாட்டான் என்று தெரிந்ததும், சிங்காரம் புழுவைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டான். அடிவாரத்தில் வேறு யாராவது இடம் தேடிக்கொண்டு வராமலா இருப்பார்கள்!

பொழுது சாயும் நேரத்தில் மழை விட்டது. சரிவில் ஓடிய தண்ணீர் மெல்ல மெல்லச் சுருங்கியது. அப்போதும் துடியன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் காலில் உயிர் இல்லை.

பாறையைச் சுற்றிக்கொண்டு நாச்சி வந்தாள். உடம்பெல்லாம் சேறு. ஒரு குட்டியை வாயில் கவ்விக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். போய் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் கண் திறக்காமல் கீச்சுக் கீச்சென்று கத்தின. துடியன் கழுத்தை நீட்டி இரண்டையும் நக்கினான். அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

"மூத்தது எங்க நாச்சி?"

நாச்சி குட்டிகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க வந்து அடைக்கிறதுக்கு முன்னாலயே குளிர்ல விறைச்சுப் போச்சுங்க. நாக்கால எவ்வளவோ தேய்ச்சுப் பாத்தேன். சூடு வரல."

துடியன் குழிக்குள் இருந்தபடியே ஓவென்று அழுதான். "நான் பாத்திருக்கணும் நாச்சி! இந்த இடத்துல என்னமோ குறை இருக்குன்னு அப்பவே எனக்குத் தோணுச்சு!"

நாச்சி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் பொங்கியது.

"இடத்துல ஒரு குறையும் இல்லீங்க. பாறை பாறையா நின்னுச்சு. வேர் வேரா நின்னுச்சு. முன்னால இங்க இருந்தவங்க தலையில ஒரு சொட்டு விழுந்திருக்காது. இந்தச் சரிவுல இருந்த ஓட்டையெல்லாம் நீங்க போட்ட ஓட்டைதான்!"



குறை இல்லாததைத் தேடி ஓயாமல் அலைகிறவன், கையில் கிடைத்த நல்லதையும் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வான்.